மொட்டைத் தலையும் முடி உலர்த்தும் மெஷினும்

கோபம் வந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். அவள் உட்கார்ந்துவிடுவாள். கடைவாசலோ, நடுத்தெருவோ, கப்பல் தளமோ, கோபம் எங்கே வருகிறதோ அங்கேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சப்பணம் போட்டுவிடுவாள். விஷயம் தீராமல் எழுந்திருக்க மாட்டாள். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"நின்னுக்கிட்டுத் திட்டுனா எதிராளி நகந்து போயிருவான்டா. உக்காந்துட்டா என்னையத் தாண்டித்தான் போகணும்" என்றாள்.

எனக்கு அவள் உறவில்லை. அயித்தை என்று கூப்பிட்டேன். அவள் ஊர் நாட்டரசன்கோட்டைக்குப் பக்கம், என் ஊர் ஆத்தங்குடிக்குப் பக்கம். ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவரையொருவர் ஏறிட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். பினாங்கில் அவ்வளவு பக்கம் போதும், அயித்தையும் மருமகனும் ஆகிவிடலாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தரைக்கல் பட்டறையில் சிமெண்டு விரலைத் தின்னும்வரை இருந்தேன். பிறகு லாரியில் கிளீனர். பிறகு ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் குதிரைச் சாணி அள்ளினேன். பிறகு கப்பல் ஏறினேன். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஓடுகாலி என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு சீனக்கார அம்மாள் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டி, அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தார். அயித்தைக்கு அங்கே வேலை. அவள் புருஷன் துறைமுகத்துக் கூலியாக வந்தவர். அவர் கதையை அவள் ஒரே வரியில் முடித்துவிடுவாள். "மூட்டை சரிஞ்சு விழுந்துச்சு, செத்துப் போனாரு." அதற்குப் பிறகு ஊருக்குப் போக வழியில்லாமல் அந்தக் கடையில் சேர்ந்தாள். முதலில் வெட்டி விழுந்த முடியைக் கூட்டிப் பெருக்கினாள். பிறகு துண்டு துவைத்தாள். பிறகு தலைகளை அலசினாள். கடைசியில் அலசிய தலையைக் காய வைக்கும் வேலையும் அவளுக்கு வந்தது. பாஷை தெரியாமலே வாடிக்கைக்காரிகளை அதட்டுவாள். "குனி, இன்னும் குனி, நீ என்ன ராணியா?" அவர்கள் சிரித்துக்கொண்டு குனிவார்கள்.

ஒரு நாள் கடையில் மிஞ்சிய வடையை இலையில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க மொதலாளிக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். எங்கள் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இது அவரு வடை. அவரு வடைய நீ யாருடா எனக்குக் குடுக்க? நான் என்ன பிச்சைக்காரியா, இல்ல நீதான் தர்மப் பிரபுவா?"

சாப்பிட வந்தவர்கள் அவளைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். முதலாளி வந்து, "ஆத்தா, இது நானே குடுக்குற வடை, எந்திரிங்க" என்று கும்பிட்டார். அதையும் அவள் வாங்கவில்லை. மறுநாள் வந்து எங்கள் கடை உரலில் மாவாட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வடை தின்றாள். ஆறிப்போன பழைய வடைக்கு அவ்வளவு மாவு! எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. இப்போதும் வருகிறது.

ஹேர் டிரையர் அவளிடம் வந்ததும் அப்படித்தான். கடைக்குப் புதியது ஒன்று வந்தபோது சீனக்கார அம்மாள் பழையதை அவளுக்கு இனாமாகக் கொடுக்க வந்தார். அவள் வாங்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாள் வீட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினாள். அதன் பிறகுதான் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கனமான சாமான். துப்பாக்கி மாதிரிப் பிடி, அகலமான வாய். சூடேறினால் தீய்ந்த முடி வாடை அடிக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் தன் கணக்கைச் சொன்னாள்.

"நம்ம பக்கத்துல ஒரு கல்யாணம்னா எத்தன பொம்பளைக! அம்புட்டுப் பேரு தலையும் சாம்பிராணிப் பொகையிலதான் காயுது. பொண்ணு கண்ணு எரிஞ்சு, மூக்க உறிஞ்சிக்கிட்டு மணவறைக்கு வருது. நான் இதத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனா வேணாம்னா சொல்லுவாக? அண்ணன் வீட்டு மூலையில ஒண்டிக்கிட்டு, அண்ணி போடுற சோத்துக்குக் கையேந்த மாட்டேன்டா."

அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஊருக்குப் போக வேண்டும், யார் கையையும் பார்க்காமல் சாப்பிட வேண்டும்.

வேலை பெர்மிட் இல்லாதவர்கள் எல்லாம் ஊர் திரும்பியாக வேண்டும் என்று உத்தரவு வந்த காலம் அது. எங்கள் இருவருக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் அவள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். எப்போதோ காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்ட முடி.

"ஊருல போயி பழனியில எறக்கலாம்ல அயித்த?" என்றேன்.

"இந்த முருகன்கிட்ட நேந்தது. அந்த முருகனுக்குக் குடுத்தா இவருக்குப் போய்ச் சேருமா?" என்றாள். சாமிகளுக்குள்கூட யாருடையது யாருக்கு என்பதில் அவளுக்குக் குழப்பம் கிடையாது.

கப்பலில் நாங்கள் மேல்தளத்துப் பயணிகள். பாய் விரித்த இடம்தான் வீடு. அறைகளில் வந்தவர்களில் தேவகோட்டைச் செட்டியார் ஒருவரும் அவர் மனைவியான ஆச்சியும் இருந்தார்கள். நல்ல மனிதர், எல்லோரையும் ஊர் கேட்டு, பேர் கேட்டுப் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபமே வராது. கோபப்படும் தேவையே அவருக்கு ஏற்பட்டிருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாம் ஊரார் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். அதில் வைக்கவும், மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குக் கொடுக்கவும் மின்சார ஷேவர்கள் ஒரு பெட்டி நிறைய வாங்கியிருந்தார். புதுச் சாமானாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் வரி. ஆளுக்கு ஒன்று, சொந்தமாகப் பயன்படுத்தியது என்றால் வரியில்லை. எனவே தளத்தில் படுத்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு ஷேவர் கொடுத்தார். எனக்கும் ஒன்று. வாங்கிக்கொண்டேன்.

பயன்படுத்தியதாகத் தெரிய வேண்டுமே. ஷேவர் செருகும் துளை அறைகளில்தான் உண்டு. அதனால் தினமும் காலையில் நாங்கள் செட்டியார் அறைவாசலில் வரிசையாக நின்று, ஒருவர்பின் ஒருவராக உள்ளே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தோம். உள்ளே முடித்தூள் சேர்ந்தால்தான் பழையது என்று அதிகாரி நம்புவாராம். காலில் செருப்பில்லாத கூட்டம், கன்னம் மட்டும் கண்ணாடி மாதிரி. அயித்தை பாயில் உட்கார்ந்துகொண்டு எங்களை வரவேற்பாள்.

"வாங்க மாப்பிள்ளைகளா! எந்த ஊருல நிச்சயம்? பொண்ணு செவப்பா, கறுப்பா?"

செட்டியார் அவளையும் கேட்டார். "ஒன்னு தூக்கியார்றியாம்மா?"

"எனக்குத் தாடி மொளச்சா வாரேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

கப்பலில் குளிக்க உப்புத்தண்ணீர்தான். ஒரு மழை நாளில், காய்ச்சலில் இருந்து எழுந்த ஒரு பெண்ணின் தலை முழுக்க நனைந்துவிட்டது. அயித்தை டிரையரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு அறைகள் பக்கம் போனாள். அறைகளுக்கு வெளியே நடைவழியில் ஒரு துளை கண்ணில் பட, செருகப் போனாள். கப்பல் ஊழியர் ஓடிவந்து பிடுங்கிவிட்டார். சூடேறும் மின்சாதனம் எதுவும் கப்பலில் கூடாது, தீப்பிடிக்கும், இறங்கும்போது திருப்பித் தருவோம் என்றார். அது நியாயமான சட்டம்தான். ஆனால் அவர் சொன்ன நேரத்தில் பக்கத்து அறையில் இருந்து ஷேவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அயித்தை நடைவழியில் உட்கார்ந்தாள்.

"அது கரண்டு இல்லாம ஓடுதா? ஆம்பள மூஞ்சி வழிக்கலாம், காச்சக்காரி தல காயக் கூடாதா? எந்த ஊருச் சட்டம்யா இது?"

அது சூடாகாதும்மா, இது சூடாகும் என்று அவர் எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டாள். "சரி, கொண்டு போ. ஆனா அது என்னோடது. வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது" என்றாள். இறங்கும்போது அவள் கையிலேயே கொடுத்தார்கள். அந்தக் கப்பல்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும். படகில் இறங்கி வந்து சுங்கக் கொட்டகையில் வரிசையில் நின்றோம். முதலில் ஷேவர்கள் போயின. அதிகாரி என் பையைத் திறந்தார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு தட்டு, ஒரு மின்சார ஷேவர். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி இல்லாதவன் சவரத்துக்கு மெஷின் வைத்திருப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுண்ணக்கட்டியால் பையில் ஒரு கோடு கிழித்தார். போகலாம். எல்லாருக்கும் அதே கோடு.

அடுத்து அயித்தை.

"இது யாரோடதும்மா?"

"என்னோடது."

அதிகாரி டிரையரைப் பார்த்தார். அவள் தலையைப் பார்த்தார். கடல் காற்றில் முக்காடு நழுவியிருந்தது.

"மொட்டத் தலைக்கு எதுக்கும்மா இது?"

கொட்டகையே சிரித்தது. என்னோடு ஷேவர் கொண்டுவந்தவர்களும் சிரித்தார்கள்.

"மசிரு சாமிக்குப் போச்சு. தல எங்கிட்டதான இருக்கு? வளராதா?"

"உள்ள நீள நீளமா முடி சிக்கியிருக்கு. இது உங்க முடியா?"

"அது ஊருப்பட்ட பொம்பளைக முடி. தல காய வைக்கிறதுதான்யா என் தொழிலு."

"அப்போ தொழில் சாமான். சொந்த சாமான் இல்ல. வரி கட்டுங்க. இல்லேன்னா யார் குடுத்து விட்டாங்கன்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

நான் அவள் காதுக்குள் சொன்னேன். "அயித்த, ஊருல மக இருக்கு, அவளும் நானும் பொழங்குறதுன்னு சொல்லிருங்க."

"எனக்கு ஏதுடா மக?" என்று கொட்டகை அதிரக் கேட்டுவிட்டு, அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "யாரும் குடுக்கல. நான் தரை தேச்சு வாங்குனது. நம்பலைன்னா வாய்யா, ஒன் தலையிலதான் எண்ணெ வழியுது. அலசிக் காய வச்சுக் காட்டுறேன். அப்பத் தெரியும் யாரு சாமான்னு."

இந்த முறை கொட்டகை அதிகாரியைப் பார்த்துச் சிரித்தது. அவர் முகம் சிவந்துபோயிற்று. டிரையரை எடுத்து, பறிமுதல் சாமான்கள் கிடந்த பக்கம் தள்ளினார்.

அப்போது செட்டியார் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு தமிழில் சொன்னார்.

"அது எங்க ஆச்சியோடது சார். இது நம்ம வீட்டு வேலைக்காரி. தூக்கியாரச் சொல்லிக் குடுத்திருந்தோம். வெவரம் பத்தாது அதுக்கு."

ஆச்சி பின்னால் நின்றிருந்தார். பிடரி நிறையக் கொண்டை. அதிகாரி அந்தக் கொண்டையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டிரையர் மேல் கோடு கிழித்துச் செட்டியார் கையில் கொடுத்தார்.

"வேலைக்காரியா? யாரு யாருக்குய்யா வேலைக்காரி?" என்று அயித்தை கத்தினாள். எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. அதிகாரி தலையை அசைக்க, கூலியாட்கள் இருவர் உட்கார்ந்தவளை உட்கார்ந்தபடியே மூட்டை தூக்குவதுபோலத் தூக்கிக் கொண்டுபோய் வெளியே மணலில் வைத்தார்கள்.

செட்டியார் வெளியே வந்து டிரையரை நீட்டினார்.

"இந்தாம்மா, ஒஞ் சாமான். நான் ஒரு வார்த்த சொல்லலேன்னா போயிருக்கும்."

"யாரு சாமான்?"

"ஒஞ் சாமான்தான்."

"அத உள்ள போயி அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "அதெப்படிச் சொல்றது? இப்பத்தான வேற மாதிரி சொல்லியிருக்கேன். இங்குட்டு எல்லார் சாமானும் மாட்டிக்கிடும். நீ வாங்கிக்க."

"அப்ப அது ஒங்க சாமான்தான். வச்சுக்கிருங்க."

அவர் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு, பாவம் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். எங்களிடம் இருந்த ஷேவர்களை வாங்கிக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ரயிலில் நான் அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். கிறுக்கா பிடித்திருக்கிறது, அவர்தான் கொடுத்தாரே, வாங்கினால் என்ன குறைந்துவிடும், இனி எதை வைத்துப் பிழைப்பாய் என்று கேட்டேன்.

"அவரு குடுத்து நான் வாங்குனா அது அவரு குடுத்ததா ஆயிரும்டா" என்றாள்.

எதற்குப் பயந்தாளோ அதில்தான் போய் விழுந்தாள். அண்ணன் வீட்டில் அண்ணி ஒவ்வொரு வேளையும் தட்டை வைக்கும்போது ஒரு சொல்லையும் சேர்த்து வைத்தாள். "அக்கரையில மசிரு பெருக்குனவகளுக்கு இங்குட்டுச் சோறு எறங்குமா?" அயித்தை அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்த நாட்கள்தான் அதிகம். கடைசியில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு தனியாக வந்தாள். பலகாரம் போடும் வீடுகளுக்கு மிளகாயும் மல்லியும் இடித்துக் கொடுத்தாள். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். முடி காது வரைக்கும் வளர்ந்திருந்தது.

நான் அதற்குள் மூன்று வேலை மாறியிருந்தேன். ஐப்பசியில் தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் சாமான் தூக்க ஆள் எடுத்தார்கள். போய்ப் பார்த்தால் அந்தச் செட்டியார் வீடு. அவருக்கு என்னை நினைவிருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்டார். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்குச் சாமான் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வரிசை வரிசையாகப் பரப்பினோம். ஷேவர்கள் திறந்த பெட்டிகளில் பளபளத்தன. அவற்றுக்கு நடுவில் சிவப்புப் பட்டுத்துணிமேல் அயித்தையின் டிரையர் இருந்தது. சிக்கியிருந்த முடியை எல்லாம் ஊசியால் எடுத்து, துடைத்து, புதுச் சாமான் போல வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய் அவளிடம் சொன்னேன். உலக்கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"முகூர்த்தம் என்னைக்கு?"

"நாளான்னைக்கு."

"சரி" என்றாள்.

கல்யாணத்தன்று விடியும்போதே மழை. பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. ஈரக்காற்றில் சாம்பிராணிப் புகை மேலே எழும்பவே இல்லை. நான்கு பேர் விசிறினார்கள். பெண் இருமிக்கொண்டே இருந்தது. பரப்பில் மெஷின் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். எடுத்து இயக்க ஒருவருக்கும் தெரியவில்லை. பரப்பிய சாமானை மாப்பிள்ளை வீட்டார் பார்த்து முடிப்பதற்குள் கலைக்கவும் கூடாது.

பரப்பைப் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். அயித்தை கூட்டத்தோடு முகப்பு வழியாகவே உள்ளே வந்தாள். நேரே போய்ச் சிவப்புத் துணிமேல் இருந்த டிரையரை எடுத்தாள். சுற்றிலும் பெண்கள் 'ஐயையோ' என்றார்கள். ஆச்சி ஓடிவந்தார்.

"அடியே, கப்பல்ல வந்தவள்ல நீயி?"

"ஆமா. எஞ் சாமான எடுக்க வந்தேன். பொண்ணு எங்குட்டு இருக்கு? தல காயலயாம்ல?"

ஆச்சி வழிவிட்டார். முற்றத்தைச் சுற்றிய வளவில் விளக்கு மாட்டும் இடத்தில் இருந்து நான்தான் கரண்டு இழுத்துக் கொடுத்தேன். மெஷின் உறுமியது. விசிறிக்கொண்டிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"யாத்தே, சுடச்சுட வருது" என்றது பெண்.

"சுடுதா?"

"இல்ல, நல்லாருக்கு."

"நல்லாருந்தா வாய மூடிக்கிட்டுக் குனி. இன்னும் குனி. நீ என்ன ராணியா?"

பெண் சிரித்துவிட்டது. அந்த வேலையை அவள் செய்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. இடது கை முடியைப் பிரித்துக்கொண்டே போகும், வலது கை காற்றை அதன் பின்னால் ஓட்டும். ஈரம் சொட்டிய முடி பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. அவள் முகத்தில் அப்போதும் கோபம்தான். கைகளில் மட்டும் அது இல்லை.

முடிந்ததும் வயரைச் சுற்றி, டிரையரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முகப்புக்கு வந்தாள். அங்கே சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "என்னங்க இது, பொண்ணு சாமான யாரோ தூக்கிட்டுப் போறாக?" என்றார்.

செட்டியார் சிரித்தார். அதே சிரிப்பு. "நம்ம வீட்டு வேலைக்காரிதான். தொடச்சு வைக்க எடுத்துட்டுப் போறா."

இன்னும் நான்கு எட்டு வைத்திருந்தால் தெருவுக்கு வந்திருப்பாள். நின்றாள். திரும்பினாள். முகப்பின் நடுவில் சம்பந்தி வீட்டாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் யாரு வீட்டுக்கும் வேலைக்காரி இல்ல. இது என்னோடது. பினாங்குல தரை தேச்சு வாங்குனேன். இவுக சுங்கத்துல இவுக சாமான்னு சொன்னாக. இங்குட்டு மக சாமான்னு பரப்பி வச்சிருக்காக. இது மட்டுமில்ல. அந்தா இருக்கே ஷேவரு, அது ஒவ்வொன்னும் கப்பல்ல வந்த கூலிக்காரனுக கன்னத்துல ஓடுனது. இந்தா நிக்கிறானே ஓடுகாலி, இவன் மூஞ்சியில ஓடுனதும் அதுல ஒன்னு. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா" என்றேன், சத்தமாகவே. கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். செட்டியாரின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இன்னும் விலகவில்லை.

பெரியவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "அது சரி, மாப்பிள்ளைக்கு ஒன்னு உண்டுல்ல?" என்றார்.

முகப்பு முழுக்கச் சிரித்தது. செட்டியார் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"கப்பல்ல வர்ற சாமானெல்லாம் அப்படித்தான் வரும் ஆத்தா. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்துச்சு" என்றார் பெரியவர். "ஒஞ் சாமான்னா நீ எடுத்துட்டுப் போ, இதுக்கு என்ன சண்டை? எந்திரி, பந்தி போடப் போறாக. சாப்பிட்டுப் போ."

அவர்கள் அவளை அடித்திருக்கலாம், திருடி என்று பிடித்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் சொன்னது ஒரு குற்றச்சாட்டாகவாவது இருந்திருக்கும். அவர்கள் சோறு போடக் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யார் முகத்திலும் அவள் உட்கார்ந்து தடுக்கும்படியான ஒன்றும் இல்லை. மேளம் மறுபடி தொடங்கியது. வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் கையூன்றி எழுந்தாள். விஷயம் தீராமல் அவள் எழுந்ததை நான் அன்று ஒருமுறைதான் பார்த்தேன். மழையில் டிரையரைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை.

அந்தப் பெண் மணவறையில் தலைமுடி மின்ன உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. அப்படியும் ஒரு வீட்டில் இருந்தும் அவளுக்கு அழைப்பு வரவில்லை. கல்யாண வீட்டில் பரப்பில் கைவைத்தவள், முகப்பில் உட்கார்ந்து மானத்தை வாங்கியவள், கிறுக்கி. அப்படித்தான் பேச்சு போயிற்று. கரண்டு இருந்த வீடுகள் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கக்கூடிய வீடுகளில் கரண்டு இல்லை. அவள் சாய்ப்பிலும் இல்லை.

பம்பாய் லாரி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது சொல்லிவிட்டுப் போக வந்தேன். மண்சுவரில் ஆணி அடித்து டிரையரைத் தொங்கவிட்டிருந்தாள். மிளகாய் நெடி கண்ணைக் கரித்தது. அது அங்கே தொங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எதுக்கு இது? வித்துத் தொலைங்க. ஒரு பிரயோசனமும் இல்லாமத் தொங்குது" என்று கத்தினேன்.

அவள் உலக்கையை மாற்றிப் பிடித்தாள்.

"தொங்குனாத் தொங்கட்டும். எஞ் சுவத்துலதானடா தொங்குது."